கேட்டா குடுக்கணும்

லேப்டாப் பேக் வச்சிருக்கீங்களே தம்பி, கம்ப்யூட்டர் வேலையா? அப்ப உங்ககிட்ட சொல்லலாம். மத்தவங்ககிட்ட சொன்னா பாதியிலயே கொட்டாவி விடறாங்க. என் சம்சாரமே, "அந்தப் பெட்டிக் கதைய எடுத்தீங்கன்னா நான் எந்திரிச்சுப் போயிருவேன்"ங்கறா. நீங்க எந்திரிக்க முடியாது, ஜன்னல் சீட்டு. சும்மா சொன்னேன். பிடிக்கலன்னா சொல்லுங்க, நிறுத்திக்கறேன். பஸ் வேதாரண்யம் போறதுக்கு இன்னும் ஒண்ணரை மணி நேரம் இருக்கே, அதான்.

என் பேரு தணிகாசலம். அம்பத்தூர்ல ஒரு கம்பெனி. பேரு வேண்டாம், இப்ப அந்தக் கம்பெனியும் இல்ல. பதினோரு வருஷம் அங்க டிஸ்பாட்ச், கஸ்டமர் கேர் ரெண்டும் நான்தான். பெருசா நெனச்சுக்காதீங்க. பெட்டிய அட்டையில போட்டு ஒட்டி அனுப்பற வரைக்கும் டிஸ்பாட்ச். அனுப்பின பெட்டி சரியில்லன்னு போன் வந்தா கஸ்டமர் கேர். ஒரே மேஜை, ஒரே நாற்காலி.

என்ன பெட்டின்னா, மீன்பிடி படகுக்கு ஜி.பி.எஸ். பெட்டி. டிபன் பாக்ஸ் அளவு இருக்கும். கடல்ல நீங்க எங்க நிக்கறீங்க, கரை எந்தப் பக்கம், எவ்வளவு தூரம், எல்லாம் காட்டும். தமிழ்லயே காட்டும். வெளிநாட்டுப் பெட்டி விலையில மூணுல ஒரு பங்குதான். பைபர் படகு வச்சிருக்கறவங்க நெறைய பேரு வாங்கினாங்க.

உள்ள ஓடற சாப்ட்வேர் எங்களோடது இல்ல. இத நான் ஒளிக்கல. எங்க புரோகிராமர் நஸீர்னு ஒருத்தரு, மேலப்பாளையத்துக்காரரு, அவருதான் எனக்கு வெளக்கினாரு. யாரோ ஒருத்தர் எழுதி நெட்டுல போட்டதாம், அதுக்கு அப்புறம் உலகம் பூரா நூறு பேரு கை வச்சதாம். யார் வேணா எடுக்கலாம், மாத்தலாம், பெட்டியில போட்டு விக்கவும் செய்யலாம். காசு கேக்கறதில்ல. ஒரே ஒரு நிபந்தனை. வாங்கினவங்க கேட்டா, உள்ள எழுதியிருக்கறத அப்படியே குடுக்கணும். நீங்க மாத்தினதையும் சேத்துக் குடுக்கணும். அவங்க அத மாத்திக்கலாம், பத்து பேருக்குக் குடுக்கலாம். அந்தப் பத்து பேருக்கும் அதே உரிமை, அதே நிபந்தனை. உங்களுக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்கும். எனக்கு நஸீர் சொன்னது, "அண்ணே, நமக்கு எப்படி வந்துச்சோ அப்படியே அடுத்தவங்களுக்கும் போகணும். நடுவுல நாம கதவச் சாத்தக் கூடாது."

அவரு ஒரு சீட்டு அடிச்சு வச்சிருந்தாரு. உள்ளங்கை அகலம். 'இந்தக் கருவியில் உள்ள மென்பொருளின் மூல நிரலைக் கேட்பவர் யாராக இருந்தாலும் கொடுப்போம்' அப்படின்னு தமிழ்ல, இங்கிலீஷ்ல, கீழ எங்க மெயில். பெட்டிக்கு ஒண்ணு உள்ள போடணும். நான்தான் போடுவேன். பெட்டி, ஒயரு, ஏரியல், கேரண்டி கார்டு, சீட்டு. கை தானா போகும்.

எங்க எம்.டி. தயானந்தன் சார். நல்ல மனுஷன் தம்பி, என் பொண்ணு கல்யாணத்துக்கு ரெண்டு நாள் கூடவே நின்னாரு. ஒரு நாள் பேக்கிங் பக்கம் வந்தவரு அந்தச் சீட்ட எடுத்துப் படிச்சாரு.

"என்னய்யா இது? நம்ம பெட்டியோட உள்விவரத்த யார் கேட்டாலும் குடுப்போம்னு நாமளே எழுதிக் குடுக்கறோமா? நாளைக்கு எவனாவது கேட்டு வாங்கி இதே பெட்டிய பாதி விலைக்குப் போடுவான்."

நஸீர் வந்தாரு. "சார், அது போடலன்னா இத நாம விக்கவே கூடாது. அந்த நிபந்தனைக்கு ஒத்துக்கிட்டுத்தான் எடுத்திருக்கோம்."

"யாரு பாக்கப் போறா?"

"பாக்கறாங்களா இல்லையாங்கறது இல்ல சார்."

அவ்வளவுதான் பேச்சு. அடுத்த மாசம் நஸீர் வேற வேலைக்குப் போயிட்டாரு. எனக்கு சார் சொன்னாரு, "தணிகாசலம், அந்தச் சீட்டு வேண்டாம்." சரின்னேன். நான் பண்ணது அவ்வளவுதான் தம்பி. வைக்கறத நிறுத்தினேன். மிச்சம் ரெண்டாயிரம் சீட்டு கட்டா இருந்துச்சு, பின்பக்கம் வெள்ளை. நாலு மணிக்கு வடை வரும், அது மேல வச்சு சாப்பிடுவோம். எண்ணெய் நல்லா உறிஞ்சும்.

அப்புறம் ஒரு போன். வேதாரண்யத்துக்குத் தெக்க ஒரு ஊரு. பேரு அஞ்சப்பன்.

"ஐயா, பெட்டி நல்லாத்தாங்க இருக்கு. ஆனா பொய் சொல்லுது."

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. "பெட்டி எப்படிங்க பொய் சொல்லும்?"

"ஏரியல் ஒயரு கொஞ்சம் ஆடிச்சுன்னா போதும், நின்ன எடத்துலயே நிக்குதுங்க. நான் ஓடிக்கிட்டிருக்கேன், அது இங்கதான் இருக்கேங்குது. முந்தாநாளு நாப்பது நிமிசம் ஒரே எடத்தக் காட்டிக்கிட்டிருந்திச்சு. தெரியலன்னு சொன்னாக்கூடப் பரவால்லீங்க. தெரியாதத தெரிஞ்ச மாதிரி சொல்லுதுல்ல, அதான் பயமா இருக்கு."

"ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க."

"பண்ணா சரியாயிடுது. ஆனா எப்ப ஆஃப் பண்ணணும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

எழுதி வச்சுக்கறேன்னேன். எழுதியும் வச்சேன். அதே மாதிரி அதுக்கு முன்னாடியே ஏழெட்டுப் பேரு சொல்லியிருந்தாங்க. ஆனா அத சரி பண்ண நஸீர் இல்ல. புதுசா வந்தவங்களுக்கு அவரு எழுதின புரோகிராம் பக்கம் போகவே பயம்.

"எம் மவ பேசணுங்குது"ன்னு போனக் குடுத்தாரு. வினோதினி. இன்ஜினியரிங் மூணாவது வருஷம் படிக்குதாம். நல்ல தெளிவான குரல்.

"சார், மெனுவுல கடைசிப் பக்கத்துல இந்த மென்பொருளோட உரிமம் போட்டிருக்கு. அதன்படி சோர்ஸ், அதான் மூல நிரல், கேக்க எங்களுக்கு உரிமை இருக்கு. அனுப்பினீங்கன்னா என்ன தப்புன்னு நானே பாத்துருவேன்."

சீட்டத்தான் எடுத்தோமே தவிர, அந்தப் பக்கத்த எடுக்க முடியல தம்பி. எடுக்கத் தெரிஞ்ச ஆளு போயிட்டாரே.

"அதெல்லாம் நாங்க குடுக்கறதில்லம்மா. கம்பெனி ரகசியம்."

"நெட்டுல மூலமா இருக்கறது எனக்குக் கெடச்சிருச்சு சார். ஆனா அது உங்க பெட்டியில ஓடல. உங்க பெட்டிக்காக நீங்க மாத்தினதுதான் வேணும்."

"குடுக்க முடியாதும்மா."

"குடுக்கறதும் குடுக்காததும் இப்ப உங்க இஷ்டம் இல்ல சார். நீங்க வித்துட்டீங்க."

மரியாதையாத்தான் சொல்லுச்சு. எனக்குத்தான் சுருக்குன்னு இருந்துச்சு. சின்னப் பொண்ணு, நமக்குச் சட்டம் சொல்லுதேன்னு.

அப்புறம் மெயில் வந்துச்சு. சுத்தத் தமிழ்ல. 'உங்கள் கருவியில் உள்ள மென்பொருளின் மூல நிரலை, நீங்கள் செய்த மாற்றங்களுடன், அதன் உரிமத்தின்படி எனக்கு அனுப்பித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். கருவியின் வரிசை எண் 0618. இப்படிக்கு, அ. வினோதினி, த/பெ அஞ்சப்பன்.' நாலே வரி. சார்கிட்ட காட்டினேன். அவரு ஒரு பதில் சொல்லி எழுதச் சொன்னாரு. 'எங்கள் மென்பொருள் நிறுவனத்தின் தனிச் சொத்து. மேலும் அதற்கு எவ்வித உத்தரவாதமும் இல்லை என்று கருவியிலேயே குறிப்பிடப்பட்டுள்ளது.' முதல் வரி பொய்தான், ஒத்துக்கறேன். ரெண்டாவது வரி உண்மை. நான் போய்ப் பாத்தேன், அந்தக் கடைசிப் பக்கத்துல நெசமாவே அப்படித்தான் போட்டிருக்கு. உத்தரவாதம் கிடையாது. எழுதினவங்களே போட்டது.

அதுக்கு அந்தப் பொண்ணு ஒரு வரிதான் பதில் எழுதுச்சு. 'நீங்கள் காட்டும் வரிக்கு மேலே உள்ள வரியையும் படியுங்கள் சார்.' அங்கதான் கேட்டா குடுக்கணும்னு போட்டிருக்கு.

சார் கடைசியா இறங்கி வந்தாரு. புதுப் பெட்டி ஒண்ணு சும்மாவே அனுப்பிரு, இனிமே சோர்ஸ் கேக்க மாட்டேன்னு ஒரு கையெழுத்து மட்டும் வாங்கிக்கன்னாரு. நல்ல மனுஷன்தானே? நானே போன் பண்ணிச் சொன்னேன்.

"புதுப் பெட்டியும் அதே பொய்யத்தான் சார் சொல்லும். அதுவும் இல்லாம, உரிமத்துல இல்லாத நிபந்தனைய நீங்க புதுசா சேக்க முடியாது."

"உங்க அப்பாகிட்ட கேளும்மா. அவருக்கு ஓகேவா இருக்கலாம்."

பக்கத்துலதான் இருந்தாரு போல. குரல் கேட்டுச்சு. "பாப்பா சொல்றதுதாங்க."

அதுக்கப்புறம் மாசம் ஒண்ணாந்தேதி, காலைல பத்து மணிக்கு அந்த மெயில் வரும். அதே நாலு வரி. நானும் அதே பதில அனுப்புவேன். காப்பி, பேஸ்ட். அஞ்சு மாசம் இப்படிப் போச்சு. கோபமெல்லாம் கெடையாது தம்பி, ஒரு பழக்கம் மாதிரி ஆயிருச்சு.

டிசம்பர்ல ஒரு நாள் கேன்டீன்ல பொங்கல் சாப்பிட்டுக்கிட்டிருக்கேன். எதிர்ல யாரோ விட்டுட்டுப் போன பேப்பரு. நாகை மாவட்ட மீனவர் நாலு பேர் மாயம். மழையில கடலுக்குப் போன பைபர் படகு திரும்பல, தேடறாங்க. பேரெல்லாம் போட்டிருந்தாங்க. முதல் பேரு அஞ்சப்பன், 51. ஊரும் அதே ஊரு.

பொங்கல முழுசா சாப்பிட்டேன். ஏன் சொல்றேன்னா, சம்சாரம் கேட்டா, அன்னிக்கு என்ன பண்ணீங்கன்னு. சாப்பிட்டேன். கை கழுவினேன். சார் ரூமுக்குப் போய்ப் பேப்பர வச்சேன். அவரு படிச்சாரு. அப்புறம், "உத்தரவாதம் இல்லைன்னு போட்டிருக்குல்ல?"ன்னாரு. "போட்டிருக்கு சார்"னேன்.

படகு கெடைக்கல. ஐஸ் பெட்டி மூடி ஒண்ணு மட்டும் பத்து நாள் கழிச்சு கரை ஒதுங்குச்சாம்.

ஜனவரி ஒண்ணாந்தேதி வந்துச்சு. மெயில் வராதுன்னு நெனச்சேன். பத்து மணிக்கு வந்துச்சு. அதே நாலு வரி. த/பெ அஞ்சப்பன். அப்பா போயிட்டாரு, உங்க பெட்டியாலதான் போனாரு, நீங்க நல்லா இருப்பீங்களா, இப்படி ஒரு வார்த்தை? இல்ல. வரிசை எண் 0618, மூல நிரலை அனுப்பித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். அவ்வளவுதான். திட்டியிருந்தா நான் பதில் சொல்லியிருப்பேன் தம்பி. எனக்கும் வாய் இருக்கு. நானும் ஒரு சம்பளக்காரன், நான் என்ன எம்.டி.யான்னு கேட்டிருப்பேன். அதுக்கு எடமே குடுக்கல அந்தப் பொண்ணு.

நான் என்ன பண்ணேன்னு கேக்கறீங்களா? அதே பதில அனுப்பினேன். தனிச் சொத்து, உத்தரவாதம் இல்லை. வேற என்ன எழுதறதுன்னு தெரியல.

அதுல இருந்து ஒரு மாதிரி ஆயிருச்சு எனக்கு. பைத்தியம்லாம் இல்ல. ஒண்ணாந்தேதின்னா ஒன்பதே முக்காலுக்கே போனையே பாத்துக்கிட்டு உக்காந்திருவேன். பேரனுக்குக் காது குத்து, அது ஒரு ஒண்ணாந்தேதியில அமைஞ்சுபோச்சு. மேளம், கூட்டம், கொழந்த வீல்னு கத்துது. அத்தனை சத்தத்துலயும் என் சட்டைப் பையில போன் துடிக்குது. பத்து மணி. எல்லாரும் கொழந்தையப் பாக்கறாங்க, நான் பையப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன்.

திரையில எதுவும் நின்னா ஆகாது எனக்கு. லிப்ட்ல நம்பர் மாறாம நின்னா வேர்த்துரும். ஒரு தடவ கால் டாக்ஸியில போறோம், டிரைவர் முன்னாடி மேப்புல நம்ம வண்டி ஒரு புள்ளியா போகுது பாருங்க, அது ஒரு நிமிஷம் நகரவே இல்ல. வண்டி ஓடுது, புள்ளி நிக்குது. "நிறுத்துப்பா, நிறுத்து"ன்னு கத்திட்டேன். கோயம்பேடு மேம்பாலத்துல. எனக்கு காதுல அந்தக் குரல்தான் கேட்டுக்கிட்டிருந்துச்சு. தெரியலன்னு சொன்னாக்கூடப் பரவால்லீங்க.

ஆனா நியாயம்னு ஒண்ணு இருக்கில்ல? அன்னைக்கே சோர்ஸ குடுத்திருந்தா அந்தப் பொண்ணு சரி பண்ணியிருக்கும்னு என்ன நிச்சயம்? சரி பண்ணாலும், அன்னைக்கு மழையில என்ன ஆச்சுன்னு யார் பாத்தா? இஞ்சின் நின்னிருக்கலாம். அலை புரட்டியிருக்கலாம். இதெல்லாம் நான் எனக்குள்ளயே சொல்லிக்குவேன், கணக்கா சொல்லுவேன். சொல்லி முடிச்சதும் மறுபடி முதல்ல இருந்து சொல்லணும் போல இருக்கும்.

மறு வருஷம் கம்பெனிய மூடிட்டாரு சார். சோலார் வியாபாரத்துல இறங்கிட்டாரு. கஸ்டமர் கேர் மெயில் மட்டும் என் போன்ல வந்துக்கிட்டே இருந்துச்சு. அத போன்ல இருந்து எடுக்க எனக்குத் தெரியல. தெரியாம என்ன, தெரியும். எடுக்கல.

அஞ்சப்பன் போனதுக்கப்புறம் பதினாலாவது மெயில் வந்த அன்னிக்கு நஸீருக்குப் போன் போட்டேன். மூணு வருஷம் கழிச்சு. விஷயத்தச் சொன்னேன்.

அவரு முதல்ல கேட்டது இதுதான்.

"எத்தன தடவ கேட்டாங்கண்ணே?"

"பதினாலு. இல்ல, அதுக்கு முன்னாடி ஆறு. இருபது."

"என்கிட்ட ஏன் சொல்லல? அதே நம்பர்லதானே இருக்கேன்."

"நீங்க வேலைய விட்டுட்டீங்களே…"

"வேலையத்தான் விட்டேன். அது என்னோடதும் இல்ல, சாரோடதும் இல்ல. கேட்டா குடுக்கணும், அவ்வளவுதானே. முதல் தடவ கேட்டப்பவே நீங்க ஒரு போன் போட்டிருந்தா…" அதோட நிறுத்திக்கிட்டாரு. நல்ல பிள்ளை. மிச்சத்தச் சொல்லல.

ரெண்டு நிமிஷம்தான் தம்பி. ரெண்டே நிமிஷத்துல நஸீர் அனுப்பின சோர்ஸ் என் போனுக்கு வந்துருச்சு. அத்தனை மாசமா அம்பத்தூர்ல ரகசியம்னு பூட்டி வச்சதா நெனச்சுக்கிட்டிருந்தது.

அப்படியே அந்தப் பொண்ணுக்கு மெயில்ல தட்டி விட்டிருக்கலாம். விடல. ஒரு பென் டிரைவ்ல போட்டு எடுத்துக்கிட்டு நேர்ல கிளம்பினேன். ஏன்னு கேக்காதீங்க. நேர்ல போய்க் குடுத்தா, அந்தப் பொண்ணு படிச்சுப் பாத்துட்டு, "இதனால இல்ல சார்"னு ஒரு வார்த்த சொல்லிரும்னு மனசுல ஒரு இது.

வீடு கண்டுபிடிக்கறது கஷ்டமா இல்ல. தகர ஷெட்டு மாதிரி முன்பக்கம், பின்னாடி ஓட்டு வீடு. அஞ்சப்பனோட சம்சாரம் வாசல்ல முறத்துல அரிசி பாத்துக்கிட்டிருந்தாங்க. பேரு ராஜாத்தி. பொண்ணு வந்துச்சு. நான் நெனச்ச மாதிரி இல்ல, ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கிட்டு. "நான் கஸ்டமர் கேர் தணிகாசலம்மா"ன்னேன். "உள்ள வாங்க சார்"னுச்சு.

உள்ள ஒரு மேஜை. லேப்டாப்பு. பக்கத்துல ஒயரு மாட்டி, எங்க பெட்டி.

நான் அனுப்பின பெட்டி எனக்குத் தெரியாதா? கிட்டப் போய் முதுகுப் பக்கம் திருப்பிப் பாத்தேன். 0618.

"இது… இது படகுல இல்லையா?"

அந்த அம்மாதான் வெளியில இருந்தபடியே சொன்னாங்க. "அவரு அத எடுத்துட்டுப் போறத விட்டு ரெண்டு மாசம் ஆயிருந்திச்சுங்க. இருந்தா கண்ணு அந்தப் பொய்ப் பெட்டிமேலயேதான் போவுது, கடலப் பாக்க மாட்டேங்குறேன்னாரு."

ஒரு வருஷமா தம்பி, அந்தப் பெட்டி கடலுக்கு அடியில கெடக்குதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். திரை எரிஞ்சுக்கிட்டே கெடக்கற மாதிரி, ஒரே எடத்தக் காட்டிக்கிட்டே கெடக்கற மாதிரியெல்லாம் தோணும். அது இங்க, மேஜை மேல, தூசி தட்டி, துணி விரிச்சு உக்காந்திருக்கு. படகுலயே இல்ல! அப்ப எங்க பெட்டியால எதுவும் ஆகல. பாரம் எறங்கினா மாதிரி இருந்துச்சு.

"அப்பாடா"ன்னுட்டேன்.

வேணும்னு சொல்லல. வாய்ல வந்துருச்சு. பெருசாவே வந்துருச்சு.

அரிசி பாத்துக்கிட்டிருந்த கை நின்னுச்சு. அந்த அம்மா என்னப் பாத்தாங்க. கோபமா இல்ல தம்பி, சத்தியமா கோபமா இல்ல. புரியாமத்தான் கேட்டாங்க.

"என்னங்க அப்பாடா?"

பொண்ணு வந்து பென் டிரைவ என் கையில இருந்து வாங்கிக்கிட்டுப் போய் உக்காந்துருச்சு. நான் நின்னுக்கிட்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கழிச்சு அந்த அம்மாவே சொன்னாங்க. அன்னைக்கு மழை மூட்டத்துல கரையே தெரியலையாம். கூடப் போன ரெண்டு படகு பெட்டியப் பாத்துக் கரை வந்துருச்சாம், வேற கம்பெனிப் பெட்டி. இவரு நட்சத்திரம் இல்லாத வானத்துல கணக்குப் பாத்து எந்தப் பக்கம் போனாரோன்னாங்க.

நான் நெனச்சேன், பெட்டிதான் இல்லையே, அப்புறம் எங்க மேல என்ன இருக்குன்னு. இப்பவும் அப்படித்தான் நெனக்கறேன். இல்லாத பெட்டி எப்படித் தப்பு பண்ணும்? சொல்லுங்க.

அரை மணி நேரத்துல அந்தப் பொண்ணு கண்டுபிடிச்சிருச்சு. "இங்க பாருங்க சார்"னு காட்டுச்சு. எனக்கு என்ன புரியும்? ஏரியல்ல இருந்து சேதி வரலன்னா பழைய எடத்தையே வச்சுக்கன்னு எழுதியிருக்காம். எத்தன நேரம் வச்சுக்கணும்னு எழுதல. நஸீர் ஏதோ அவசரத்துல விட்டது. ஒண்ணு ரெண்டு வரிதான். மாத்துச்சு. மாத்தின வரிக்கு மேல தேதி போட்டு, யார் மாத்தினாங்கன்னு தன் பேரப் போட்டுச்சு. அப்படிப் போடணுமாம், அதுவும் நிபந்தனை. பெட்டிக்குள்ள ஏத்துச்சு. ஏத்திட்டு, ஏரியல் ஒயரப் பிடிச்சு இழுத்துச்சு.

பத்து செகண்டு. திரையில எடம் அழிஞ்சுபோச்சு. பெரிய எழுத்துல 'இடம் தெரியவில்லை'ன்னு வந்துச்சு. அத ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்துச்சு அந்தப் பொண்ணு.

நான் கேட்டேன். கேக்கணும்னுதானே அவ்வளவு தூரம் போனேன். "ஏம்மா, நீயே சொல்லு. இதுக்கும் அப்பாவுக்கும் சம்பந்தம் இல்லதானே? பெட்டி படகுல இல்லல்ல?"

அது திரும்பி என்னப் பாக்கல. "நீங்க குடுக்கணும்கறதுதான் சார் உரிமத்துல இருக்கு. குடுத்துட்டீங்க. இதுக்கு நான் பதில் சொல்லணும்னு அதுல இல்ல."

அப்புறம் அதே பென் டிரைவ்ல எதையோ போட்டுத் திருப்பி என் கையில குடுத்துச்சு. மாத்தினது, சோர்ஸோட. "நீங்க கேக்கல. ஆனா பெட்டி வச்சிருக்கறவங்களுக்கு இது போகணும். எத்தன பெட்டி வித்தீங்க?"

"ஆயிரத்தி எழுநூறு இருக்கும்."

"யார் யாருக்குன்னு தெரியுமா?"

தெரியும். டிஸ்பாட்ச் ரிஜிஸ்டர் மூணு நோட்டு, கம்பெனி மூடினப்ப பழைய பேப்பர்ல போடப் பாத்தாங்க, நான்தான் வீட்டுக்கு எடுத்துட்டு வந்தேன். வரிசை எண், பேரு, ஊரு, போன். என் கையெழுத்து.

அந்தப் பொண்ணு பெட்டியில எப்படி ஏத்தறதுன்னு சொல்லிக் குடுத்துச்சு. மூணு தடவ செஞ்சு காட்டச் சொல்லிப் பாத்துச்சு. அதுல இருந்து மாசத்துக்கு ரெண்டு தடவ கிளம்பிருவேன். பழவேற்காடு, கடலூர், தரங்கம்பாடி, இந்தப் பக்கம் ஜெகதாப்பட்டினம். அந்தப் பொண்ணு பக்கத்து ஊர்ப் பெட்டியெல்லாம் பாத்துக்குது. நான் தூரத்துது. குத்தவுணர்ச்சியெல்லாம் இல்ல தம்பி, ரிடையர் ஆயிட்டேன், வேற வேலை இல்ல. வீட்ல உக்காந்து என்ன பண்ணப் போறேன்?

போன்லாம் பாதி நம்பர் மாறிப்போச்சு, நேர்லதான் போகணும். சில பேரு டீ வாங்கிக் குடுப்பாங்க. சில பேரு, "இத்தன வருசம் கழிச்சு வந்தியா"ன்னு திட்டுவாங்க. வாங்கிக்குவேன். வெயில்ல படகு மேலயே உக்காந்து ஏத்துவேன். ஏரியல இழுத்துக் காட்டுவேன், தெரியவில்லைன்னு வரும், அவங்க ஆச்சரியமாப் பாப்பாங்க. கேட்டா சோர்ஸும் குடுக்கறேன்னு சொல்லுவேன். எதுக்குன்னு தெரியாமயே சரிம்பாங்க. முன்னூத்தி எண்பது ஆயிருச்சு இதுவரைக்கும்.

கஷ்டம் அதுல இல்ல. போன மாசம் தரங்கம்பாடி பக்கம் ஒரு வீடு. நோட்டுல பேரு இருக்கு, கோதண்டபாணி, பெட்டி 1142. கதவத் தொறந்தது ஒரு நடுவயசு அம்மா. "கோதண்டபாணி அண்ணன் இருக்காரா?"ன்னேன். "இல்லீங்களே"ன்னாங்க. நான் மடத்தனமா, "எப்ப வருவாரு?"ன்னு கேட்டேன்.

அந்த அம்மா என்னப் பாத்த பார்வை இருக்கே தம்பி.

கடல்லதான் போனாருன்னு நான் சொல்லல. காய்ச்சல் வந்திருக்கலாம். வண்டியில அடிபட்டிருக்கலாம். படகையே வித்துட்டு எங்கயாவது போயிருக்கலாம், ஆளுங்க குடும்பத்த விட்டுட்டுப் போறதில்லையா? ஆயிரம் காரணம் இருக்கும். அந்த மாதிரி வீடு இதுவரைக்கும் பதினாறு வந்துருச்சு. எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்கும். அப்படித்தான் இருக்கும்.

இப்ப வேதாரண்யத்துல எறங்கி வேற பஸ் மாறித் தூரத்துல ஒரு ஊருக்குப் போறேன், அங்க ஒன்பது பெட்டி. போய்க் கதவத் தட்டி, இருக்காராம்மான்னு கேப்பேன். இல்லன்னு சொன்னா, சரிம்மான்னு திரும்பிருவேன். எப்படின்னு கேக்கறதில்ல.